சும்மா நிற்கத் தெரியாத வண்டி

அத்தியாயம் ஆறு

சரியாக ஐந்து மணிக்கு, ஜெஸ்பின் கடையைக் காலி செய்ய வேண்டும் என்று தீர்மானம் போடப்போகிறார்கள். இப்போது மணி இரண்டே கால். திற்பரப்பு அருவிக்குப் போகிற சாலையில், குளித்துவிட்டு ஈரத்துண்டோடு திரும்புகிற கூட்டத்தை விலக்கிக்கொண்டு நானும் வடிவு அக்காவும் ஜெஸ்பினின் தகரக் கொட்டகைக்குள் நுழைந்தோம். குற்றம் சாட்டப்பட்ட டர்ட் பைக் நடுவில் நின்றது. முன் மட்கார்டு பிளந்து, உடம்பெல்லாம் சிராய்ப்போடு, அதைப் பற்றி ஒரு வருத்தமும் இல்லாமல் நின்றது.

என்னைப் பற்றி இரண்டு வரி. பெயர் அமீன், ஊர் தேங்காப்பட்டணம். பதினோரு வருடம் வளைகுடாவில், சுற்றுலாக்காரர்கள் மணல்மேட்டில் கவிழ்க்கிற பைக்குகளை நிமிர்த்திச் சரிசெய்துகொண்டிருந்தேன். இப்போது நாகர்கோவிலில் ஒரு சிப்ஸ் கடையின் மாடியில் இயங்கும் வடிவு துப்பறியும் நிலையத்தில் உதவியாளன். உரிமையாளர் சண்முகவடிவு, வயது நாற்பத்தெட்டு. எங்களுக்கு வருகிற வழக்குகளில் பத்தில் ஒன்பது மாப்பிள்ளை விசாரிக்கிற வேலை. பையன் குடிப்பானா, சொன்ன படிப்பு நிஜமா, முன்னால் ஏதாவது கல்யாணம் ஆகியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்வோம். கொலையும் கொள்ளையும் எங்கள் விளம்பரப் பலகையில் இருப்பதோடு சரி.

ஜெஸ்பினும் அப்படி வந்தவள்தான். மூன்று வருடத்துக்கு முன் அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போனவன், தான் துபாயில் இஞ்சினியர் என்று சொல்லியிருந்தான். அக்கா விசாரித்ததில் துபாய் மட்டும் உண்மை என்று தெரிந்தது. கல்யாணம் நின்றது. நகைக்கென்று வைத்திருந்ததில் ஜெஸ்பின் ஸ்பானர் வாங்கி இந்த மெக்கானிக் கடையைத் திறந்தாள். அதனால் இந்தக் கடையில் தனக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று அக்கா நினைத்தார். அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் மத்தியானம் ஜெஸ்பினின் போன் வந்ததும் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்ததை நான் பார்த்தேன்.

நடந்தது இது. எட்டு நாளைக்கு முன், ஞாயிற்றுக்கிழமை காலை, திற்பரப்பு மலையோர டர்ட் பைக் வீரர்கள் சங்கத்தின் தொடக்க விழா. சங்கத் தலைவர் சுயம்புலிங்கம். ரப்பர் தோட்டக்காரர். ஜெஸ்பினின் கொட்டகை நிற்கிற நிலமும் அவருடையதுதான். அவர் மகன் ரதீஷ் தன் டூ ஸ்ட்ரோக் வண்டியை ஸ்டார்ட் செய்து, மேடைக்கு எதிரே கொடியசைப்புக்காகக் காத்திருந்தான். தலைவர் வரவேற்புரை ஆற்றினார். இருபத்தைந்து நிமிடம் ஆற்றினார். "இறுதியாக" என்று அவர் சொன்னதும் பையன் கியர் போட்டான். அதற்குப் பிறகு அவர் இன்னும் மூன்று தடவை "இறுதியாக" என்றார்.

நான்காவது தடவை சொல்லும்போது, யாரும் ஆக்சிலேட்டரை முறுக்காமலே வண்டி தானாக ரேஸ் ஆனது. பதறிப்போன ரதீஷ் கிளட்ச்சை விட்டுவிட்டான். வண்டி அவனைக் கீழே தள்ளி, தனியாக மேடை ஏறி, பின்னால் கட்டியிருந்த ஃப்ளெக்ஸில் தலைவரின் மார்பைக் கிழித்துக்கொண்டு போய், பொன்னாடைக் குவியலின் மேல் படுத்தது. ரதீஷுக்குத் தோள் எலும்பு முறிந்தது. சிறப்பு விருந்தினர் மேடையிலிருந்து குதித்ததில் கணுக்கால் பிசகியது. ஊர் முழுக்க இதை ரீல்ஸ் போட்டது, இரண்டு பேர் அதற்குப் பாட்டும் சேர்த்தார்கள்.

இவ்வளவு பேர் பார்த்த ஒரு அவமானத்துக்கு யாராவது பொறுப்பேற்க வேண்டும். சர்வீஸ் செய்தவள் ஜெஸ்பின், ஆகவே அவள்தான் என்று தலைவர் முடிவு கட்டினார். முட்டத்தில் படகு வைத்திருக்கும் அவள் அத்தான் பெனினிடம் மண்ணெண்ணெய் வாங்கிப் பெட்ரோலில் கலந்துவிட்டாள் என்று ஒரு கதையும் கிளம்பியது. இன்று காலை சங்கத்தார் வண்டியைத் தூக்கிவந்து அவள் வாசலில் போட்டுவிட்டு, ஐந்து மணிக்குத் தீர்மானம் என்று சொல்லிப் போயிருந்தார்கள். முதலாவது, கடையைக் காலி செய்ய வேண்டும். இரண்டாவது, போலீஸில் புகார்.

ஜெஸ்பின் அழுது முடித்திருந்தாள். நெற்றியில் கிரீஸ் கோடு, கையில் ஒரு துணி, துடைக்க ஒன்றும் இல்லாமல் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்க வேலையில தப்பு இருந்தா நானே கடயப் பூட்டித் தாக்கோலக் குடுத்துருவேன், அக்கா. செய்யாத தப்புக்கு எறங்கிப் போவச் சொன்னா எப்பிடி போவேன்?"

அக்கா ஒரு ஸ்டூலை இழுத்து வண்டிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். மாப்பிள்ளை வீட்டில் எப்படி உட்காருவாரோ அதே உட்கார்ப்பு.

"அமீனே, எனக்கு இஞ்சின் தெரியாது. மாப்பிள்ளைதான் தெரியும். அந்தக் கணக்குல சொல்லு."

நான் சொன்னேன். ஆக்சிலேட்டரைத் தொடாமல் விட்டால் இஞ்சின் அணையவும் கூடாது, அலறவும் கூடாது. மெதுவாக, ஒரே சீராக ஓட வேண்டும். மெக்கானிக்குகள் இதைத்தான் ஸ்லோ நிற்பது என்பார்கள். ஸ்லோ நிற்காத வண்டிக்கு மூன்று காரணம்தான் பெரும்பாலும். பெட்ரோல் கெட்டிருக்கும், கார்புரேட்டர் அடைத்திருக்கும், இல்லை எங்கேயோ வேண்டாத காற்று நுழைகிறது.

அக்கா தலையாட்டினார். ஓடும்போது எல்லாவனும் நல்லவனாகத்தான் தெரிவான், ஒரு வேலையும் இல்லாமல் சும்மா இருக்கும்போது எப்படி இருக்கிறான் என்று பார்த்துத்தான் இத்தனை வருடமாகத் தான் அறிக்கை எழுதுவதாகச் சொன்னார். அந்த அறிக்கைகளை டைப் செய்கிறவன் நான். அவர் எழுதியது ஒன்றுகூட இதுவரை பொய்த்ததில்லை.

முதலில் பெட்ரோல். டாங்கிலிருந்து கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் விட்டேன். சில்லென்று பறந்துபோய், டூ ஸ்ட்ரோக் ஆயில் மட்டும் மெல்லிய பளபளப்பாகத் தங்கியது. மண்ணெண்ணெய் என்றால் இவ்வளவு சீக்கிரம் கையை விட்டுப் போகாது, வாசனையும் வீடுவரை கூட வரும். முட்டத்துப் பெனினை வழக்கிலிருந்து விடுவித்தேன். அவர் அப்போது கடலில் இருந்தார், விடுதலையானது அவருக்குத் தெரியாது.

அடுத்து வண்டியை உதைத்தேன். முதல் உதையிலேயே எழுந்தது. ஆக்சிலேட்டரை விட்டுவிட்டுத் தள்ளி நின்றேன். சமர்த்தாக, ஒரே சீராக ஓடியது. கார்புரேட்டரில் அடைப்பு இருந்தால் ஆறிக் கிடக்கிற இஞ்சின் இப்படி நிற்காது. ஆகவே கார்புரேட்டரும் வெளியே போகலாம்.

"சங்கத்து ஆளுவ எல்லாரும் இப்பிடித்தான் ஒரு நிமிசம் ஓட்டிப் பாத்துட்டு, வண்டியில ஒண்ணும் இல்ல, பெட்ரோலு சரியில்லண்ணு சொல்லிட்டுப் போனாவ" என்றாள் ஜெஸ்பின்.

"ஒரு நிமிசத்துல எந்த மாப்பிள்ளையும் மாட்ட மாட்டான். நான் இருக்கேன், ஓடட்டு" என்றார் அக்கா.

ஓடவிட்டோம். அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். ஒன்பதாவது நிமிடம் இஞ்சினின் குரல் மாறியது. கொஞ்சம் ஏறியது, இறங்கியது, அணையப்போவதுபோல் இருமியது, மறுபடி ஏறியது. பதினோராவது நிமிடம், தொடாத ஆக்சிலேட்டரோடு, கொட்டகையின் தகரம் அதிர அலறியது. நான் பாய்ந்து பட்டனை அமுக்கி அணைத்தேன். எதிர்ச் சாரியில் குளித்துவிட்டு வந்த ஒரு குடும்பம் மறுபடி அருவிப் பக்கமாக ஓடியது.

"சூடு ஏறினாத்தான் குணம் மாறுகு. ஞாயித்துக்கிழம வரவேற்புரை பத்து நிமிசத்துல முடிஞ்சிருந்தா ஒண்ணும் நடந்திருக்காதுலா?" என்று அக்கா கேட்டார்.

நடந்திருக்காது என்றேன். தலைவரின் பேச்சால் ஊருக்கு ஏதாவது நடந்தது என்றால் அது இதுதான். ஆனால் பேச்சு நீளம் என்பதற்காக அவர்மேல் வழக்குப் போட முடியாது, போட முடியுமானால் மாவட்டத்தில் ஒரு கட்சியும் மிஞ்சாது.

அப்போதுதான் ஜெஸ்பின் கார்புரேட்டர் பக்கம் குனிந்து, ஒரு சின்ன ஸ்க்ரூவைத் தொட்டுக் காட்டினாள். ஸ்லோவைக் கூட்டிக் குறைக்கிற ஸ்க்ரூ அது. வேலை முடிந்ததும் ஸ்க்ரூவின் தலையிலிருந்து பக்கத்து இரும்புவரை சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு போடுவது அவள் வழக்கம். யாராவது திருகினால் கோடு முறிந்துவிடும். கோடு முறிந்திருந்தது. ஸ்க்ரூ இரண்டு சுற்று உள்ளே போயிருந்தது.

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. சர்வீஸ் முடிந்து போன பிறகு யாரோ வண்டியில் கை வைத்திருக்கிறார்கள். அதுவும் ஓட்டத் தெரியாத ஒருவர். வண்டி அணைந்து அணைந்து போனால், தெரிந்தவன் கை ஆக்சிலேட்டருக்குப் போகும், தெரியாதவன் கை ஸ்க்ரூவுக்குப் போகும். பாலைவனத்தில் நான் பார்த்த அத்தனை சுற்றுலாக்காரர்களும் அப்படித்தான்.

மிச்சம் இருப்பது காற்று. பக்கத்து சலூனுக்குப் போய், தலையில் தண்ணீர் பீய்ச்சுகிற பாட்டிலைக் கேட்டேன். யாருக்கு முடிவெட்டப் போகிறீர்கள் என்று சலூன்காரர் விசாரித்தார். தலைவருக்கு என்று சொல்லிவிட்டு வாங்கிவந்தேன்.

வண்டியை மறுபடி சூடாக்கினேன். அது அலறத் தொடங்கியதும், மூட்டு மூட்டாகத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே போனேன். கார்புரேட்டரையும் இஞ்சினையும் சேர்க்கிற ரப்பர் கழுத்தின் அடிப்பக்கத்தில் தண்ணீர் பட்டதும், அலறல் ஒரு விநாடி அடங்கியது. மறுபடி பீய்ச்சினேன், மறுபடி அடங்கியது. ஓட்டையைத் தண்ணீர் அடைக்கிற அந்த ஒரு விநாடி மட்டும் இஞ்சின் ஒழுங்காக இருந்தது. வேண்டாத காற்று அந்த வழியாகத்தான் போகிறது.

கழுத்தைக் கழற்றி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். அடிப்பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. வெடிப்பின் மேல் ரப்பர் பால், தோட்டத்தில் மரத்தை வெட்டித் தேங்காய்ச் சிரட்டையில் பிடிக்கிறார்களே, அதே பால். அதை ஒன்றின்மேல் ஒன்றாகப் பூசிக் காயவைத்திருந்தார்கள். அதற்கு மேலே பச்சைத் துணியில் ஒரு கட்டு, துணியின் ஓரத்தில் தங்கநிற ஜரிகை. ஒட்டு உள்பக்கமாக ஊதி, பிசுபிசுவென்று இளகி, தொட்டால் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது.

"சூடானா இளகித் தொறக்கும், ஆறினா பழையபடி ஒட்டிக்கிடும். அண்ணைக்குப் புது ஒட்டு, அதான் இருவத்தஞ்சு நிமிசம் தாங்கியிருக்கு" என்றாள் ஜெஸ்பின். "இப்பிடி ஒரு வேல நான் செய்வேனா, அக்கா? பெட்ரோலு நாட்டு ரப்பரக் கரைக்கும்லா."

அது மெக்கானிக்குகளுக்கு மட்டும் தெரிந்த ரகசியமா என்று அக்கா கேட்டார். எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. அவர் எழுந்து சாலையைக் கடந்து டீக்கடைக்குப் போனார். பால் வெட்டு முடித்த தொழிலாளிகள் நான்கைந்து பேர் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கையில் ஒட்டிய பாலை எப்படி எடுப்பீர்கள் என்று அக்கா கேட்க, மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் போய்விடும், பெட்ரோல் என்றால் இன்னும் சீக்கிரம் என்று சொல்லிவிட்டு, இதுகூடத் தெரியாத ஒரு பெண்பிள்ளையா என்பதுபோல் அவரைப் பார்த்தார்கள்.

திரும்பி வந்தபோது அக்காவின் முகம் தெளிந்திருந்தது.

"இந்த ஊர்ல ரப்பர் பால் இல்லாத வீடு இல்ல. ஆனா பால்ல கை வச்சவன் ஒருத்தனும் இந்த வேலயச் செய்ய மாட்டான். ரப்பர் சொந்தமா இருக்கணும், ரப்பரத் தொட்டுருக்கப் பிடாது. அப்பிடி ஒரு ஆளாக்கும் நமக்கு வேணும். அவன் வீட்டுல காயத்துக்குக் கட்டுப் போடுத அளவுக்குப் பொன்னாட கெடக்கணும்."

எங்கள் மாவட்டத்தில் பொன்னாடை போட ஆள் இருக்கிறது, போட்டுக்கொள்ளவும் ஆள் இருக்கிறது. போட்ட பிறகு அது எங்கே போகிறது என்று நான் பல நாள் யோசித்ததுண்டு. மேல்துண்டாகவும் ஆகாது, படுக்கவும் ஆகாது. ஒரு பொன்னாடை உருப்படியாக ஒரு வேலை செய்து அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன், அதுவும் கெடுதல் வேலை.

"அப்பம் ரதீசா?" என்றேன்.

"மேல பாரு" என்றார் அக்கா.

பார்த்தேன். சாலைக்கு எதிரே, டீக்கடையின் சரிந்த கூரைமேல் தலைவர் படுத்திருந்தார். கிழிந்த விழா ஃப்ளெக்ஸை மழைக்காக அங்கே விரித்திருந்தார்கள். மார்பில் பெரிய ஓட்டையோடு, சுயம்புலிங்கம் இதே வண்டியின் மேல் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். வண்டியின் கைப்பிடிகள் நீலமாக இருந்தன.

ஜெஸ்பின் அண்ணாந்து பார்த்துவிட்டு, பழைய கறுப்புப் பிடியைக் கழற்றி அந்த நீலப் பிடியைத் தான் போட்டது சர்வீஸ் செய்த புதன்கிழமை என்றாள். அன்று சாயங்காலம் ரதீஷ் வண்டியை வீட்டில் விட்டுவிட்டுத் தூத்துக்குடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனவன், விழாவுக்கு முந்தின இரவுதான் திரும்பினான். ஃப்ளெக்ஸ் கட்டியதோ சனிக்கிழமை காலை. அப்படியென்றால் நடுவில் வண்டியில் ஏறியது தலைவர்.

"அவரு, ஏறி உக்காந்து படம் எடுத்தேன், அவ்வளவுதாம்ணு சொல்லுவாரு. சங்கம் அவரு பேச்சத்தான் நம்பும்" என்றேன்.

எனக்குக் கோபமாக இருந்தது. உண்மை கையில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருந்தது, ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்று தோன்றியது. மணி நாலேகால். அக்கா கைப்பையைத் திறந்து, குலசேகரம் போய்ப் பளபளப்பாக ஒரு பொன்னாடை வாங்கிவா என்றார். யாருக்கு என்று கேட்டேன்.

"ஒட்டினவனுக்கு" என்றார்.

ஐந்து மணிக்குத் தலைவர் வீட்டு முற்றத்தில் நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்திருந்தன. நாற்பது பேருக்கு மைக் தேவையில்லை, ஆனாலும் மைக் இருந்தது. சுயம்புலிங்கம் வெள்ளை வேட்டியில், ஐம்பத்தெட்டு வயதுக்கு நல்ல கறுப்பான மீசையோடு உட்கார்ந்திருந்தார். ரதீஷ் கையைத் துணியால் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டு முதல் வரிசையில் இருந்தான். ஜெஸ்பின் உட்காராமல் ஓரமாக நின்றாள். கடைச் சாவியைக் கையில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள், விரல் வெளுத்திருந்தது.

தீர்மானத்தைப் படிக்கும் முன் இரண்டு நிமிடம் வேண்டும் என்று அக்கா கேட்டார். கேட்கும்போதே அவர் கையிலிருந்த பொன்னாடையைத் தலைவர் பார்த்துவிட்டார். உடனே அனுமதி கிடைத்தது.

அக்கா ரப்பர் கழுத்தைத் தூக்கிக் காட்டினார். வெடிப்பையும், பால் பூச்சையும், ஜரிகைக் கட்டையும் காட்டி, சர்வீஸ் முடிந்த பிறகு யாரோ போட்ட ஒட்டு இது என்றார். தலைவர் ஜரிகையைக் கண்டதும் கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

"எனக்க வீட்டுல பொன்னாட ஏராளம் கெடக்கு, மேடம். பயலாக்கும் எடுத்திருப்பான்."

எல்லோரும் ரதீஷைப் பார்த்தார்கள். பையன் தலையைக் குனிந்துகொண்டானே தவிர, நான் இல்லை என்று சொல்லவில்லை. அப்பாவைக் காட்டிக்கொடுக்காமல் அந்த முறிந்த தோளோடு அவன் உட்கார்ந்திருந்த விதம் எனக்குச் சங்கடமாக இருந்தது. அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

"அப்பிடியா?" என்றார் அக்கா. முகம் நிறையச் சிரிப்பு. "அப்பம் இத ரதீசுக்குத்தான் போடணும். இந்த ஒட்டு இல்லேண்ணா வண்டி அண்ணைக்கு ஸ்டார்ட்டே ஆயிருக்காது. பாலு எப்பிடி வழியாம நிக்குண்ணு பாருங்க. ஒரு கோட்டு பூசிக் காஞ்ச பொறவு அடுத்த கோட்டு. நாப்பது வருசம் ரப்பர் அறிஞ்ச கைக்குத்தான் இது வரும்ணு நெனச்சேன். இந்த வயசுல இவனுக்கு வந்திருக்கே. நாலு கோட்டு."

பொன்னாடையை உதறி விரித்தார். பொன்னாடை விரிந்தால் கைதட்டுவது எங்கள் பக்கத்துப் பழக்கம், யாருக்கு எதற்கு என்று கேட்பதில்லை. நாற்பது பேரும் தட்டினார்கள். இதற்கிடையே அக்கா ரப்பர் கழுத்திலிருந்த ஒட்டைப் பிய்த்து என்னிடம் கொடுத்திருந்தார். நான் பின்வரிசையில், பெட்ரோல் ஊற்றிய ஒரு கண்ணாடித் தம்ளரில் அதைப் போட்டேன்.

அக்கா இரண்டு அடி வைத்தார். பொன்னாடை ரதீஷின் தோளை நெருங்கியது. தலைவரின் கழுத்து தானாக முன்னால் நீண்டு, பிறகு பின்னால் போனதை நான் பார்த்தேன். முப்பது வருடத்தில் அவர் இருக்கிற இடத்தில் இன்னொருவன் தோளில் முதல் பொன்னாடை விழுந்ததில்லை.

"நில்லுங்க" என்றார் சுயம்புலிங்கம். "நாலு இல்ல. அஞ்சு கோட்டாக்கும்."

ரதீஷ் கண்ணை மூடிக்கொண்டான். தலைவர் எழுந்து மைக்கைப் பிடித்தார், பிடித்த பிறகு அவரை யாராலும் நிறுத்த முடியவில்லை. வெள்ளிக்கிழமை விடியற்காலையில் ஃப்ளெக்ஸ் படத்துக்காக வண்டியைத் தோட்டத்துக்குள் கொண்டுபோனதையும், போட்டோக்காரர் போன பிறகு சும்மா ஒரு வளைவுவரை ஓட்டிப் பார்த்ததையும், பாறையில் சரிந்ததையும் சொன்னார். சரிந்ததற்குக் காரணம் பாறைதான் என்றார். பிறகு வண்டி அணைந்து அணைந்து போனதாம், ஸ்க்ரூவைத் திருகினாராம், அப்படியும் நிற்காததால் உள்ளே பார்த்து வெடிப்பைக் கண்டுபிடித்தாராம். ரப்பருக்கு ரப்பர் என்பது தன்னுடைய சொந்த யோசனை என்றும், சொந்த மரத்துப் பால் என்றும், வேறு யாராக இருந்தாலும் இரண்டு கோட்டோடு விட்டிருப்பார்கள் என்றும் விளக்கினார். இடையில் இரண்டு தடவை "இறுதியாக" என்றார். அக்கா மெதுவாகப் போய்ப் பொன்னாடையை அவர் தோளில் போட்டார். அவர் பேச்சை நிறுத்தாமலே தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார்.

அவர் முடித்தபோது பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது. அக்கா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் முன்னால் வந்து தம்ளரைத் தூக்கிக் காட்டினேன். ஐந்து கோட்டும் ஒன்றாக ஊதி, கஞ்சியாகக் கரைந்து, பச்சை ஜரிகை மட்டும் தனியாக மிதந்தது.

"உள்ள பெட்ரோலு, வெளிய சூடு. கடைசில காத்து உள்ள போச்சு, வண்டி மேடைக்கு வந்துச்சு" என்றேன்.

பின்வரிசையிலிருந்த பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர்தான் முதலில் சிரித்தார். பெட்ரோல் ஓடுகிற இடத்தில் போய் யாராவது பாலை ஒட்டுவார்களா என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். பிறகு நாற்பது பேரும் சிரித்தார்கள். தலைவர் தம்ளரைப் பார்த்தார், தன் தோளைப் பார்த்தார், பொன்னாடையை எடுப்பதா வைத்திருப்பதா என்று தெரியாமல் நின்றார்.

இந்த விஷயத்தைச் சங்கம் பரிசீலித்து, ஒரு குழு அமைத்து என்று அவர் தொடங்கும்போது ஜெஸ்பின் முன்னால் வந்தாள்.

"குழு ஒண்ணும் வேண்டாம், அண்ணாச்சி. எட்டு நாளா இந்த ஊர்ல ஒருத்தரும் எனக்கிட்ட வண்டி தரல்ல. அந்த மைக்குல ஒரு வரி சொன்னா மதி. ஜெஸ்பினுக்க வேலையில தப்பு இல்லண்ணு."

இருபத்தைந்து நிமிடம் வரவேற்கத் தெரிந்தவர், பன்னிரண்டு நிமிடம் ஒட்டுப் போடத் தெரிந்தவர், இந்த ஒரு வரிக்குத் தொண்டையைச் செருமினார். தண்ணீர் குடித்தார். பொதுவாகப் பார்க்கும்போது என்று ஆரம்பித்தார். தன் அளவில் என்று இன்னொரு தடவை ஆரம்பித்தார். அப்போது ரதீஷ் எழுந்து நின்றான். அப்பாவின் முகத்தையே பார்த்தான்.

"ஜெஸ்பினுக்க வேலையில தப்பு இல்ல" என்றார் சுயம்புலிங்கம். கொஞ்சம் நிறுத்தி, "தப்பு எனக்கதாக்கும்" என்றார்.

அவர் வாழ்க்கையிலேயே குறைந்த நேரம் பேசிய பேச்சு அது. யாரும் கைதட்டவில்லை. ரதீஷ் மட்டும், ஒரு கைதான் இருந்தது, அந்தக் கையால் தன் தொடையில் தட்டினான். ஜெஸ்பின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, யாருக்காகவும் காத்திராமல் கடையைப் பார்த்து நடந்தாள்.

நாங்கள் பின்னால் போய்ச் சேர்வதற்குள் அவள் வேலையைத் தொடங்கியிருந்தாள். பெட்டியிலிருந்து வெடிப்பில்லாத வேறொரு ரப்பர் கழுத்தை எடுத்து மாட்டினாள். தலைவர் கழற்றி நாற்காலியில் விட்டுப்போன பொன்னாடையை நான் சும்மா கொண்டுவந்திருந்தேன். கைதுடைக்க வேண்டுமா என்று நீட்டினேன். அவள் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, இது எண்ணெய் குடிக்காது, அண்ணே, ஒண்ணுக்கும் ஆவாது என்று திருப்பிக் கொடுத்தாள்.

வண்டியை உதைத்து, ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குத் திருப்பினாள். அக்கா அதே ஸ்டூலில் உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்தார். ஒன்பதாவது நிமிடம் நான் பட்டனுக்குப் பக்கத்தில் போய் நின்றேன், ஒன்றும் நடக்கவில்லை. இருபத்தைந்து நிமிடம் ஓடவிட்டோம். வண்டி ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. சொன்ன இடத்தில் சும்மா நின்று ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் சாலையில் இரண்டு பேர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, வாசலில் ஸ்டாண்ட் போட்டு, ஒன்றும் நடக்காததுபோல் காத்து நின்றார்கள்.

அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"இவனுக்குத் தாராளமாட்டுப் பொண்ணு குடுக்கலாம்" என்றார்.

எட்டு நாளில் முதல் தடவையாக ஜெஸ்பின் சிரித்தாள். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, பிறகு நெயில் பாலிஷ் பாட்டிலைத் திறந்து, கை ஆடாமல் ஸ்க்ரூவின் தலையில் சிவப்புக் கோட்டைப் போட்டாள்.